நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு

“நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிச்சு.” திருத்தணியில் கார் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் தமிழிலும் தெலுங்கிலும் மனப்பாடம். ஆயில் மாற்ற வந்த வண்டியில் சேம்பர் ஒழுகும். வாட்டர் வாஷ் முடித்து வெயிலில் நிறுத்தினால் கதவில் கோடு தெரியும். பேட்டரி மாற்றியதும் டேஷ்போர்டில் ஏதோ ஒரு மஞ்சள் விளக்கு அணைய மறுக்கும். வண்டிக்காரர் வாயிலிருந்து முதலில் வருவது இந்த வாக்கியம்தான். உடைத்தது நீதான் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது.

ஊரும் இரண்டு மொழி புழங்கும் ஊர். 1960 ஏப்ரல் 1-இல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த தாலுக்கா இது. சென்னை–திருப்பதி சாலையில் ஓடும் வண்டிகள் அந்த எல்லையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டி.என். 20-உம் ஏ.பி. 39-உம் ஒரே பட்டறையில் அடுத்தடுத்து ஜாக்கியில் ஏறும். உள்ளூர்க்காரரோடு சண்டை வந்தால் அடுத்த மாதம் அவரே திரும்பி வருவார், டீக்கடையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆடிக் கிருத்திகைக்கோ டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கோ வந்த வெளியூர்க்காரர் அப்படியல்ல. சாவியைக் கையில் திணித்துவிட்டு, 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் வண்டி வேண்டும் என்பார். அவரை இவருக்குத் தெரியாது, இவரை அவருக்குத் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு கீறல்.

இந்தத் தகராறில் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது பட்டறைக்காரர்களில் பலருக்கே தெரியாது. சுவரில் ‘சேதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதி வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. 1998 ஆகஸ்ட் 1 இரவு, தில்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு மாருதி ஸென் காரில் வந்த ஒருவர், வாசலில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை, வேறொரு காரில் வந்த இளைஞர்களில் ஒருவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். டோக்கனில், வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு என்று அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பர் 14-இல்தான் முடிந்தது. சாவியை வாங்கிய பிறகு, தேவையான கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை ஹோட்டலுடையது, தன் அஜாக்கிரதையை அந்த அச்சடித்த வரிக்குப் பின்னால் மறைக்க முடியாது என்பது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பின் வேர் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. 151-ஆம் பிரிவின்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளை வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹோட்டலுக்குப் பொருந்துவது தகர ஷெட்டுக்கும் பொருந்தும்.

ஆனால் சட்டம் பேசும் ‘கவனம்’ ஸ்பேனர் பிடித்த கையில் எப்படி இருக்கும்? அதற்கு ஆயில் சேம்பரின் ட்ரெயின் போல்ட்டைப் பார்க்க வேண்டும். பட்டறைச் சண்டைகளில் பாதிக்கு அந்தச் சின்ன போல்ட்தான் மூலம் என்று சொன்னால் தொழிலில் இருப்பவர் யாரும் மறுக்கமாட்டார்.

போல்ட் இரும்பு. இன்றைய பல கார்களில் சேம்பர் அலுமினியம். இரண்டும் மோதினால் மரை போவது சேம்பரில்தான். ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். சில ரூபாய் பெறுமான வாஷர், போடுபவர்கள் குறைவு. பழைய வாஷர் நசுங்கியிருப்பதால் லேசாகக் கசியும். கசிவை நிறுத்த இன்னும் ஒரு இறுக்கு இறுக்குவார்கள். சின்ன கார்களில் அந்த போல்ட்டுக்குக் கம்பெனி சொல்லும் இறுக்கம் சுமார் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னோ பல நூறு நியூட்டன் மீட்டர் அடிக்கும். முதல் தடவை ஒன்றும் ஆகாது. மரை கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். இப்படி நாலைந்து ஊரில், நாலைந்து கையில் இழுபட்ட மரை, கடைசியில் எவன் திறக்கிறானோ அவன் கையில் சுருள் சுருளாகப் போல்ட்டோடு வெளியே வரும். பழி அவனுக்கு.

இங்கேதான் வேலை தெரிந்தவனும் தெரியாதவனும் பிரிகிறார்கள். சேம்பரில் மரை போயிருந்தால் போல்ட் திறக்கும்போதே சொல்லிவிடும். அரைச் சுற்று லேசாக வரும், பிறகு பிடிக்கும், மறுபடி லேசாகும். அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே இறங்காது. தெரிந்தவன் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுவான். சுற்றிலும் எம்-சீல் தடவியிருக்கிறதா, டெஃப்லான் டேப் எட்டிப் பார்க்கிறதா, கம்பெனி சைஸைவிடப் பெரிய போல்ட்டாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பான். இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்பே யாரோ கைவைத்த வண்டி அது. உடனே வண்டிக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் மலைமேல் இருந்தால் வரும்வரை காத்திருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் சொன்னால் எச்சரிக்கை, கழற்றிய பிறகு சொன்னால் சமாளிப்பு. தெரியாதவன் கழற்றிவிட்டு, மரையைப் பார்த்துவிட்டு, தானும் கொஞ்சம் எம்-சீல் தடவி அனுப்பிவிடுவான். அது புத்தூரிலோ ரேணிகுண்டாவிலோ இன்னொரு ஷெட்டில் ஒழுகும்போது, அங்கே இருப்பவனிடம் வண்டிக்காரர் சொல்லப்போவது அதே வாக்கியம்தான்.

சரியான வைத்தியம் இல்லாமல் இல்லை. லேத்தில் கொடுத்து ஹெலிகாயில் என்ற புது மரைச் சுருளைப் போடலாம், இல்லையென்றால் சேம்பரையே மாற்றலாம். யார் காசில் என்பதுதான் கேள்வி.

ஏதாவது முறிந்திருந்தால், பதிலை உடைந்த இடத்திலேயே படிக்கலாம். முறிந்த முகம் முழுவதும் பளபளவென்றிருந்தால் இன்றைய உடைப்பு. துரு ஏறி, ஆயிலும் தூசியும் படிந்திருந்தால் பழசு. பாதி கறுத்து பாதி மின்னினால் விரிசல் பழையது, முறிவு மட்டும் இங்கே நடந்தது. இந்த மூன்றாவது வகைதான் நியாயமான மனிதர்களையும் சண்டைக்கு இழுப்பது. டீசல் வண்டிகளில் ஹீட்டர் பிளக் கழற்றும்போது இது சகஜம். வருஷக்கணக்கில் கரி பிடித்து உட்கார்ந்த பிளக், இன்ஜினைச் சூடாக்கிப் பதமாகத் திருப்பினாலும் சில நேரம் தலை மட்டும் கையோடு வரும். இன்னொரு சிக்கல், இந்தச் சாட்சிக்கு ஆயுள் குறைவு. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வெளியே நின்றால் பிரேக் டிஸ்க்கே பழுப்பேறிவிடும், உடைந்த போல்ட் எம்மாத்திரம்? மறுநாள் வந்து “பாருங்க, பழைய துரு” என்று காட்டும் மெக்கானிக்கை நம்ப வேண்டியதில்லை.

உடைத்தது யார் என்ற இதே கேள்வியைச் சென்னை பெரிய அளவில் சந்தித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார்களை டோ செய்து பட்டறைகளில் இறக்கினார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போன இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். ஸ்டார்ட் செய்தது வீட்டிலா, பட்டறையிலா? நேரடி வெள்ளச் சேதத்தை ஏற்கும் சாதாரண பாலிசி, தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை, அதற்குத் தனியாக இன்ஜின் புரொடெக்ட் எடுத்திருக்க வேண்டும். ஆக, அந்த ஒரு சாவித் திருகல் யார் கையில் நடந்தது என்பதில் பெரும் தொகை தொங்கியது. வண்டி வந்த நிமிஷமே ஏர் ஃபில்டரைத் திறந்து, ஈரத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பட்டறைகள் தப்பித்தன.

பழைய மேஸ்திரிகள் இதைச் சட்டம் படிக்காமலே செய்தார்கள். வண்டிக்காரர் மலைமேல் சாமியைச் சுற்றி வருவதற்குள் மேஸ்திரி கீழே வண்டியை ஒரு சுற்று சுற்றி முடித்திருப்பார். உள்ளங்கையைக் கதவுக்குக் கீழே சில் ஓரமாக ஓட்டிப் பார்ப்பார். ஜாக்கியைத் தப்பான இடத்தில் கொடுத்து நசுங்கியிருந்தால் கையிலே தட்டும். டயர் பக்கவாட்டில் வீக்கம் இருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கிறதா, சாவி போட்டதும் ஏ.பி.எஸ். விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து அணைகின்றனவா என்று பார்ப்பார். தூசி படிந்த வண்டியாக இருந்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த பிறகு இன்னொரு பார்வை. தூசியும் ஈரமும் கீறலை மறைக்கும். வாட்டர் வாஷுக்குப் பிறகு ‘புதிதாக’ முளைக்கும் கோடுகளில் பெரும்பாலானவை தூசிக்கு அடியில் ஏற்கெனவே இருந்தவை.

இன்றைய பையன்கள் செல்போனில் நாலு படம் எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தூசியோடு எடுத்த படத்தில் தூசிதான் தெரிகிறது. வண்டிக்கு அடியில் படுத்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் சுவரில் தொங்கும், ஏர் கன்தான் கையில் இருக்கும். வேலை முடிந்ததும் ‘டிரையல்’ என்று வண்டியை எடுத்துக்கொண்டு பிரியாணி வாங்கப் போவது தனிக் கதை. ஒப்படைத்த நிபந்தனையை மீறிப் பொருளைப் பயன்படுத்தினால், அப்போது வரும் சேதத்துக்கு முழுப்பொறுப்பு என்று 154-ஆம் பிரிவு சொல்கிறது. பின்னால் வந்த பைக் இடித்தது என்ற விளக்கம் அங்கே செல்லாது.

வண்டிக்காரர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. போன சர்வீஸிலேயே “போல்ட் ஸ்லிப் ஆவுது சார்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதை மறைத்துச் சாவி கொடுப்பவர்கள் உண்டு. பழைய டொக்கையும் சேர்த்துப் பட்டறைக் கணக்கில் எழுதப் பார்ப்பவர்கள் உண்டு. கீறலைக் காட்டி மொத்தக் கூலியையும் தராமல் வண்டியை எடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. வேறு பேச்சு இல்லாதபோது, முடித்த வேலைக்கான கூலி வரும்வரை அந்த வண்டியை நிறுத்தி வைக்க 170-ஆம் பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. இதைச் சொன்னால் ரௌடித்தனம் என்கிறார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் திரும்பி வரமாட்டார் என்று நினைக்கும் பட்டறைகளுக்கு ஒரு சேதி. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டிக்காரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். திருவள்ளூர் வரை அவர் வரத் தேவையில்லை, திருத்தணிக்காரர்தான் ஆந்திராவுக்கு அலைய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, கெடு 2 வருஷம்.

வண்டி விடுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். படியேறப் போவதற்கு முன் பத்து நிமிஷம் ஷெட்டில் நில்லுங்கள். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள டொக்கு, கீறல் எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். போன பட்டறையில் சொன்ன குறையை மறைக்காதீர்கள். ஏதாவது உடைந்தது என்றால், அந்த உடைந்த துண்டை அன்றைக்கே கேட்டு வாங்கி, காய்ந்த துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், அப்புறம் உங்கள் வார்த்தைக்கு எதிராக மெக்கானிக்கின் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.