கள்ளிக் கொம்பின் குழந்தை

சிறுவர்க்கான மாயச் சாகசப் புதினங்களில் பேயையும் பூதத்தையும் அலங்காரமாக நிறுத்துதல் எளிது. பழங்கதையின் நிகழ்ச்சி ஒன்றையே புதுக்கதையை நடத்தும் விசையாக்குதல் அரிது. பழைய ஆங்கிலத்தில் புலமை மிக்க பேராசிரியர் டோல்கீன் 1937இல் வெளியிட்ட 'ஹாபிட்' புதினத்தில், ஒரு கிண்ணம் களவு போனதும் டிராகன் சினந்தெழுகிறது. 'பேவுல்ஃப்' என்னும் பழங்காவியத்தின் இறுதிப் பகுதியிலும் அதுவே நிகழ்கிறது.

நம்மிடம் அத்தகைய கிண்ணம் இல்லையா? ஆரியசாலையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால், நாகர்கோவிலை எட்டுமுன் கள்ளியங்காடு. வில்லிசைப் புலவர் பாடும் நீலியின் களம். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் வணிகனாய் வர, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவியென்று வழக்குரைக்கிறாள் அவள். குழந்தை அவனை 'அப்பா' என்கிறது. ஊர்ப் பெரியோர் நம்பிவிடுகின்றனர். அம்மழலையே அவனுக்குக் கூற்றாகிறது.

2025இல் வந்த 'லோகா' என்னும் மலையாளத் திரைப்படத்தால் நீலியின் பெயர் நம் பிள்ளைகட்கும் எட்டிற்று, வில்லுப்பாட்டு எட்டவில்லை. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் அவர்களுள் பலர்க்குத் தமிழ் செவியளவிலேயே நிற்கிறது (எங்கள் வீட்டிலும் அவ்வாறே). ஆகவே அவர்க்கு எழுதும் புதினம், தாய் தந்தையர் உரக்கப் படிக்கவும் பிள்ளைகள் இடையிடையே 'ஆமா' போடவும் ஏற்றதாய் அமைதல் வேண்டும்.

நீலி கதையைச் சொல்லி முடித்த இரவில், அந்தக் குழந்தை மறுபடி கள்ளியாகவே போயிற்றா என்று கேட்டாள் என் இளைய மகள். புதினத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.