கட்டையான பிறகே படமாகும் மரம்

காலை ஆறரை மணி வெயில் கார்வேட்டிநகரத்தில் மரங்களுக்கு உகந்த வெளிச்சம். ஜமீன் காலத்துப் பெருமையின் மிச்சமாக வேணுகோபால சுவாமி கோயிலும் ஸ்கந்த புஷ்கரிணிக் குளமும் நிற்க, ஊரைத் தாண்டினால் மாந்தோப்புகள். அவற்றுக்கும் அப்பால் புதர் மண்டிய குன்றுகள். தினமும் நடக்கிற பாதையில் செல்போனை உயர்த்தினால் போதும், தை மாதப் பூவிலிருந்து ஆனி மாதக் கிளிமூக்கு மாங்காய் வரை ஒரே மரத்தின் ஆண்டுக் கணக்கு சேர்ந்துவிடும்.

ஆனால் இந்தச் சீமைக்கே உரிய மரத்தை நின்ற கோலத்தில் பார்த்தவர்கள் குறைவு. அது செம்மரம். தெற்கு ஆந்திர மலைகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் அது காடாக வளர்வதில்லை. பத்திரிகைகளில் அதன் படத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் ஒரே படம்தான்: வரிசையாக அடுக்கிய சிவப்புக் கட்டைகள், பின்னால் போலீசார், தரையில் தலைகுனிந்த கூலியாட்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தபோதும் கண்ணில் பட்டவை உடல்களும் கட்டைகளும்தான்.

இத்தனைக்கும் தமிழ் வீடுகளுக்கு இது அந்நிய மரமல்ல. திருப்பதி போய் வந்தவர்கள் குழந்தைக்கு வாங்கி வந்த மரப்பாச்சி பொம்மை செம்மரத்தில் கடைந்ததுதான்.

உயிரோடு நிற்கும் செம்மரம் முதல் பார்வையில் ஏமாற்றமே தரும். சிவப்பு எங்கும் தெரியாது. அது உள்ளே வைரத்தில் ஒளிந்திருக்கிறது. வெளியே கருத்த பட்டை, முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். சாய்ந்த காலை வெயிலில் அந்த வெடிப்புகள் துல்லியமாக விழும். உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் கறுப்புத் தூண். இலை பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும். கோடையில் சில நாட்களே மஞ்சள் பூ. பிறகு நடுவில் விதையும் சுற்றிலும் சிறகுமாக வட்டக் காய்கள். ஒரே நாளில் ஓடிவந்து எடுக்கிறவருக்கு இவை எல்லாம் கிட்டாது. தினமும் நடக்கிறவருக்கே வாய்க்கும்.

காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆனால் பட்டா நிலங்களிலும் செம்மரம் வளர்க்கிறார்கள். உரிமையாளரைக் கேட்டுவிட்டு எடுக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: செல்போன் எடுக்கும் படத்தோடு இடத்தின் துல்லியமான விவரமும் பதிவாகக் கூடும். அந்த வசதியை அணைக்காமல் பருத்த மரத்தின் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவது, கடத்தல்காரனுக்கு வழி சொல்வதாக முடியலாம்.

மாமரத்தின் படத்தை எங்கே எடுத்தது என்று ஊரறியச் சொல்லலாம். செம்மரத்தின் படத்துக்கு ஊர்ப்பெயரும் கூடாது. வெட்டுக்குத் தப்பி நிற்கும் மரத்துக்கு நடைப்பயணி செய்யக்கூடிய மரியாதை அதுதான்.