குழந்தை உள்ளமும் நம் கடமையும்



உடல் நோயைக் காய்ச்சல் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளத்து நோயை எது காட்டும்? எம் பள்ளியில் பயின்ற ஒரு சிறுவன்தான் இவ்வினாவை எம் முன் நிறுத்தினான்.

அவன் தந்தையார் சிங்கப்பூரில் பணிபுரிபவர். 2020 மார்ச் 18ஆம் நாள் எல்லை மூடப்பட்டபின், ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவரால் பாலம் கடந்து வீடு திரும்ப இயலவில்லை. பள்ளி மீண்டும் திறந்தபோது சிறுவன் வந்தான், கணக்குச் செய்தான், ஆனால் பேசவில்லை. அதனை அடக்கம் என்றெண்ணி நாம் பாராட்டவும் செய்தோம். அஃது அடக்கமன்று என்றுணரப் பல திங்கள்கள் சென்றன. பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் கற்ற எமக்கே இந்நிலை!

அக்காலத்தில்தான் ஆய்வாளர் சிலர், கல்வி அமைச்சின் அனுமதிக் கடிதத்துடன் வந்தனர். மாணவர் மனநலம் பேணும் பயிற்சியொன்றை நடத்துவதும், அதற்கு முன்னும் பின்னும் வினாத்தாள் நிரப்பிப் பயனை அளப்பதும் அவர்தம் நோக்கம். அத்தாளில் 25 வினாக்கள் இருந்தன. இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டு, உலகெங்கும் பரவிய தாள் அது. குழந்தை அடிக்கடி வயிற்றுவலி என்கிறதா, நண்பர் உண்டா, பிறர்க்கு உதவுகிறதா என்பன போன்றவையே அவ்வினாக்கள். அது தேர்வன்று, அதில் தோல்வியுமில்லை.

ஆயினும் ஒரு தாயார் கையொப்பமிடாத படிவத்துடன் வந்து நின்றார். "ஐயா, இதுல கையெழுத்துப் போட்டா எம் பிள்ளையத் தம்போய்க்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டார். தம்போயில் 1937இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் பெயர், நம்மவர் வாயில் வசைச்சொல்லாகிவிட்டதன் விளைவு இது. தாளில் பெயரன்றி எண்ணே இருக்கும் என்றும், விரும்பாவிடில் எப்போதும் விலகிக் கொள்ளலாம் என்றும் விளக்கினோம். அவர் கையொப்பமிட்டார்.

பயிற்சி நடந்தேறியது. ஆனால் இரண்டாம் முறை நிரப்ப வேண்டிய தாள்கள், விளையாட்டுப் போட்டி வாரத்தில் வந்து சேர்ந்தன. "பிறகு பார்ப்போம்" என்று அலமாரியில் வைத்தோம். அவை அங்கேயே கிடந்தன. ஆய்வாளரும் முடிவைக் கூற வரவில்லை. குறை இருபாலும் உண்டு. எனினும் முதற்குறை எம்முடையதே.

பாதியில் விட்டதால் என்ன இழப்பு? தோட்டப் பெருமக்களுக்கு இது நன்கு விளங்கும். உரமிட்ட நிரையின் குலைகளையும் உரமிடாத நிரையின் குலைகளையும் நிறுத்து ஒப்பிட்டால்தானே உரத்தின் பயன் தெரியும்? நிறுக்காமல் விட்டால் உரம் நன்றோ தீதோ, யாரறிவார்?

பீகார் மாநிலத்து நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகள் இத்தகைய ஆய்வொன்றில் நிலைத்து நின்றன. 2018இல் வெளிவந்த முடிவு வியப்பளித்தது. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மாணவரின் மனச்சோர்வும் பிறரைத் துன்புறுத்தலும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அப்பயன் காணப்படவில்லை. ஆசிரியராகிய எமக்கு இது கசப்பே. ஆயினும் கசப்பான உண்மையன்றோ மருந்தாகும்!

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, 5 முதல் 15 வயதினருள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் உண்டு. பன்னிருவர் அமரும் வகுப்பில் இருவர் என்று எண்ணிப் பாருங்கள்.

அச்சிறுவன் பின்னர்ப் பேசத் தொடங்கினான். முதலில் பேசியது எம்மிடமன்று; செடிகளுக்கு நீரூற்றும் பள்ளித் தோட்டக்காரரிடம். அவனை மீட்டது அப்பயிற்சியா, தந்தையின் வருகையா, தோட்டக்காரரின் அன்பா? எம்மால் கூற இயலாது. கூற உதவியிருக்கும் தாள் அலமாரியில் வெறுமையாய்க் கிடந்தது.

இனி ஆய்வாளர் வருங்கால் மூன்று ஏற்பாடுகள் செய்வோம். தேர்வும் விழாவும் இல்லாத வாரங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுப்போம். ஓர் ஆசிரியரை அப்பணிக்கெனப் பொறுப்பாக்குவோம். முடிவு எதுவாயினும், பள்ளி மண்டபத்தில் பெற்றோர்முன் தமிழில் விளக்குமாறு தொடக்கத்திலேயே வாக்குறுதி பெறுவோம்.

பெற்றோர்களே, ஐயமிருப்பின் கேளுங்கள். கேட்டுத் தெளிந்தபின் துணை நில்லுங்கள். மாணவச் செல்வங்களே, வயிறு வலித்தால் சொல்வதுபோல் மனம் வலித்தாலும் சொல்லுங்கள். ஆசிரியரிடம் கூச்சமெனில் தோட்டக்காரரிடமேனும் சொல்லுங்கள்.

தொடங்கியதை முடிப்போம்; குழந்தை உள்ளம் மலரக் காண்போம்.