கோர்வைக்கு உட்கார்ந்தவர்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நெய்வார். கோர்வைக்குத் தாத்தா உட்காருவார். காஞ்சிபுரம் தறியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்து கொடுக்கத் துணைக்கு ஒருவர் வேண்டும். அந்த நாளில் அதற்கு வீட்டுப் பிள்ளைகளைத்தான் உட்கார வைப்பார்கள். எங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர் உட்கார்ந்தார்.

தாத்தாவின் வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. 1932-ல் அந்நியத் துணி மறியலில் விழுந்த தடியடி. கட்டுப்போட்ட கையோடு நான்கு மாதம் சிறை. வெளியே வந்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அதன்பிறகு தறியில் நடுவே உட்கார்ந்து வேகமாக நாடா ஓட்ட அவரால் முடியவில்லை. நன்றாக நெய்பவர் என்று பேர் எடுத்தவர், இருபத்து நான்கு வயதில் சிறுவர்கள் உட்காரும் இடத்துக்கு நகர்ந்தார். சாகும்வரை அந்த இடம்தான்.

பாட்டி பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக அப்பா. சிறைக்குப் போனவன் வீட்டுக்குப் பாவு கொடுத்தால் போலீஸ் தொந்தரவு வரும் என்று, அதுவரை வேலை கொடுத்துவந்த முதலாளி கைவிரித்துவிட்டார். பாட்டி நாலு வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் கஞ்சி காய்ச்சினாள். இரண்டு குத்துவிளக்கும் ஒரு பித்தளை அண்டாவும் அடகுக்குப் போயின. விளக்குகள் திரும்பி வந்தன. அண்டா வரவில்லை. கடைசிவரை அவள் வருத்தப்பட்டுச் சொன்னது அந்த அண்டாவைப் பற்றி மட்டும்தான். தாத்தா சிறைக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளும் அந்தப் போராட்டத்தில் இருந்தவள் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அவளை யாரும் தியாகி என்று சொன்னதில்லை.

அதே 1932-ன் தொடக்கத்தில்தான் திருப்பூரில் ஊர்வலம் போன குமரன் அடிபட்டு, ஜனவரி 11-ஆம் தேதி உயிரை விட்டார். சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வயது 27. தாத்தா அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும், “நம்ம தறிக்கார பையன்டா அவன்” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும்.

1972-ல் சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். சிறைச் சான்று வேண்டும். இல்லையென்றால் கூட இருந்த கைதியின் சான்று வேண்டும். மாநில அரசின் ஓய்வூதியமும் இருந்தது. அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “நாலு மாசத்துக்கு எதுக்குடா காகிதம்?” என்று தாத்தா எதற்கும் மனுப் போடவில்லை. சட்டத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டும், சரி. ஆனால் கோணிப்போன மணிக்கட்டை எந்த மாதக் கணக்கில் சேர்ப்பது?

அந்த வெள்ளிவிழாவின்போதுதான் நாடெங்கும் ஒன்றிய அலுவலகங்களில் தியாகிகளின் பெயர் பொறித்த கல் தூண்களை நட்டார்கள். எங்கே போனாலும் அந்தக் கல்லைத் தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கம். ஒரு இடத்தில் வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்தே தூர்ந்து கிடந்தது. விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. பெரும்பாலும் வெறும் இனிஷியலும் பெயரும். என்ன செய்தார், எங்கே அடிபட்டார், யார் சோறு போட்டுக் காத்தார் என்பதற்கெல்லாம் கல்லில் இடம் ஏது? கல்லிலேயே ஏறாதவர்கள் அதைவிடப் பல மடங்கு.

கடல் கடந்து போனவர்களின் கதையும் இதுதான். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் 1943-ல் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். லட்சுமியின் பெயர் நமக்குத் தெரியும். அணிவகுத்து நின்ற தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? இந்திய தேசிய ராணுவத்தின் பெயர் தெரியாத வீரர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் முதல் வேலையாக அந்தச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். அது நின்ற இடத்தில் ஒரு நினைவுப் பலகை வர 1995 ஆயிற்று.

1942-ல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நூறைத் தாண்டியிருக்கும். அவர்களிடம் நேரில் கேட்கும் காலம் போய்விட்டது. அவர்கள் மடியில் உட்கார்ந்து கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபது எண்பது வயதில் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கலாம். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், எந்த ஆண்டு, எந்தச் சிறை என்று ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். அடகுக்குப் போன அண்டாவையும் சேர்த்து எழுதுங்கள்.