ரூல் போட்ட நோட்டு

மழைக்காலத்து மும்பையில் காய்ச்சல் என்றாலே மலேரியாவுக்கு ரத்தம் எடுத்துவிடுவார்கள். நண்பரின் மகனுக்கு ஒரே நாளில் இரண்டு லேப்களில் இரண்டு முடிவு. 'உள்ளே என்னதான் செய்கிறார்கள்?' என்று குமுறியவர், என்னையும் இழுத்துக்கொண்டு ஜிடிபி நகர் ஸ்டேஷனில் இறங்கி ஆண்டாப் ஹில்லுக்கு நடந்தார். தெரிந்த அக்கா ஒருவரின் ஒற்றை அறை லேப் அது.

அக்காவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். பதினேழு வயதில் இங்கே வந்து லேப்பில் பாட்டில் கழுவியவர். பிறகு படித்து டிஎம்எல்டி முடித்தார்.

மூலையிலிருந்த மெஷின் சர்க்கரையையும் கொழுப்பையும் தானே பார்த்துக்கொண்டது. அது எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கண் அக்காவின் கையிலேயே இருந்தது. கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம். இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே தள்ளு. நாக்கு வடிவில் படலம். காய்ந்ததும் லீஷ்மன் சாயம், இரண்டு நிமிஷம். அதிலுள்ள மெத்தனால் செல்களைக் கண்ணாடியோடு பிடித்துவைக்கும். மேலே இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர், பத்து நிமிஷம். தண்ணீர் சேர்ந்தால்தான் நிறம் ஏறும்.

"எல்லாம் இதுல இருக்கு தம்பி" என்று ரூல் போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். எஸ்ஓபி என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். முதல் பக்கங்கள் மராத்தியில், அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவரின் கையெழுத்து.

"வேற லேப்புக்குப் போனப்போ எழுத்து மாறாமச் செஞ்சேன். எல்லா ஸ்லைடும் செக்கச்செவேல்னு வந்துட்டு."

காரணம் தண்ணீர். நாள்கணக்கில் திறந்து கிடந்த காய்ச்சி வடித்த நீர், காற்றிலிருந்த கரியமில வாயுவை இழுத்துப் புளித்துவிட்டது. மலேரியாக் கிருமி கண்ணில் பட பிஎச் 7.2 வேண்டும்; அதைக் காப்பதுதான் பஃபர். நோட்டில் நிமிஷம் இருந்தது, தண்ணீரின் குணம் இல்லை. அடுத்த பக்கத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கங்களின் ஜெராக்ஸ் இப்போது பக்கத்து இரண்டு லேப்களில் இருக்கிறது. மாதம் ஒருமுறை மூவரும் ஒரே ரத்தத்தைப் பங்கிட்டுச் சோதித்து, முடிவுகளை ஒப்பிடுகிறார்கள். வேலூர் சிஎம்சி இதையே நாடு முழுக்க உள்ள லேப்களுக்கு மாதிரி அனுப்பிச் செய்கிறது. இரவல் வாங்கிய முறையைத் தன் இடத்தில் சோதித்த பிறகே கையாள வேண்டும் என்கிறது மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரவிதி. அக்கா அதைத் தண்ணீரிடம் கற்றார்.

இப்படிப் பகிராமல் நோட்டை ஒளித்துவைக்கும் லேப்காரர்மேல்கூட எனக்குக் கோபமில்லை. சீட்டு எழுதிய கைக்கும் ஆள் பிடித்த ஏஜென்டுக்கும் 'கட்' எனும் கமிஷன் போனபின் மிஞ்சுவதில் வாடகை கொடுப்பாரா, பஃபர் வாங்குவாரா? 2017இல் மகாராஷ்டிர அரசு இந்தக் 'கட்'டைத் தடுக்கச் சட்ட வரைவு தயாரித்தது. வரைவு எழுதினால் கை நீளாமல் இருக்குமா? கடைசியில் அந்தப் பணம் வருவது காய்ச்சல்காரன் ரத்தத்திலிருந்துதான்.

கிளம்பும்போது நண்பர் இரண்டு ரிப்போர்ட்டையும் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"இதுல என்னத்தப் பாக்க? ரெண்டு ஸ்லைடையும் கேட்டு வாங்கிட்டு வாங்க."

பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஸ்லைடைக் கழுவத் திரும்பிவிட்டார்.