இழுவைக் கயிறு

மூடிய உயிர்காப்புப் படகு அது. ஆரஞ்சு நிறம், 28 அடி நீளம். 2009 ஏப்ரலில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த மாதம் நம்மவர் மனமெல்லாம் இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் கிடந்தது. சோமாலியக் கடலை யார் கண்டார்கள்? ஆனாலும் அந்தப் படகு எனக்குள் எங்கோ தங்கிவிட்டது. உள்ளே பணயக்கைதியாக மேர்ஸ்க் அலபாமா கப்பலின் கேப்டன் ரிச்சர்ட் பிலிப்ஸ். அவரைச் சுற்றித் துப்பாக்கிகளோடு நான்கு சோமாலியக் கடற்கொள்ளையர். வெள்ளிக்கிழமை கேப்டன் கடலில் குதித்துத் தப்பப் பார்த்தார், பிடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே பெயின்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நின்றுகொண்டுதான் இருந்தது.

அமெரிக்க அதிபர் ஒபாமா பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கேப்டனின் உயிருக்கு உடனடி ஆபத்து வந்தால் சுடலாம் என்று அனுமதி கொடுத்தார், அவ்வளவுதான். ஆபத்து வந்துவிட்டதா என்று முடிவு செய்யும் பொறுப்பு கப்பலில் இருந்த கமாண்டர் கஸ்டெலானோவுடையது.

இதை நினைத்தாலே எனக்கு இன்னொரு அமெரிக்க அதிபர் ஜெரால்டு போர்டு ஞாபகம் வந்துவிடும். 1975 மே 12. வியட்நாமில் சைகோன் விழுந்து இரண்டு வாரம் ஆகவில்லை. கம்போடியாவின் கெமர் ரூஜ் படையினர் மாயகெஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். அவமானத்துக்கு மேல் அவமானம். வெள்ளை மாளிகையில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். அப்படி ஒரு கூட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த புகைப்படக்காரர் டேவிட் கென்னர்லி குறுக்கிட்டாராம்: யாரோ உள்ளூர்த் தளபதி தன்னிச்சையாகச் செய்த வேலையாக இது இருக்கலாமே, யாராவது யோசித்தீர்களா? வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் உட்பட அத்தனை பெரிய தலைகள் இருந்த அறை! பி-52 விமானங்களை அனுப்புவதைப் போர்டு கைவிட்டார். ஆனால் மாலுமிகளை மீட்கக் கோ டாங் தீவில் மரைன்களை இறக்குவதை நிறுத்தவில்லை.

மாலுமிகள் அந்தத் தீவில் இல்லவே இல்லை. தீவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே அவர்கள் ஒரு மீன்பிடிப் படகில் வெள்ளைத் துணி காட்டியபடி வந்து சேர்ந்தார்கள். மீட்கப் போனவர்களில் செத்தவர்கள் 41 பேர். அவர்களில் 23 பேர் தாய்லாந்திலேயே ஹெலிகாப்டர் விழுந்து, தீவைக் கண்ணால் பார்க்காமலே போனவர்கள். மூன்று மரைன்களைத் தீவிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். போர்டின் செல்வாக்கோ ஏறியது. மக்கள் அப்படித்தான், வேகத்தைப் பார்த்தால் வீரம் என்பார்கள்.

மறுபடியும் அந்த ஆரஞ்சுப் படகு. ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்டர். கடல் பொங்கியது. கைக்காயத்துக்கு மருந்து போட, கொள்ளையரில் ஒருவன் போர்க்கப்பலுக்கே வந்துவிட்டான். மிச்சம் மூன்று பேர். படகைக் கப்பலோடு கட்டி இழுத்தார்கள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, 30 கெஜத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பின்தளத்தில் குறிபார்த்துப் படுத்திருந்தவர்கள் மூன்று பேர். இருட்டும் நேரம், ஒருவன் பிலிப்ஸின் முதுகை நோக்கி ஏகே-47ஐ நீட்டுவது தெரிந்தது. ஒரே நேரத்தில் சுட்டார்கள். மூவரும் செத்தார்கள், கேப்டன் பிழைத்தார்.

ஒபாமாவின் நிதானத்தைப் புகழ்ந்து அன்று எழுதாதவர் இல்லை. புகழட்டும், நியாயம்தான். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான், அதே சோமாலியக் கடலில், தனித் என்ற பாய்மரப் படகை மீட்கப் போன பிரெஞ்சுக் கமாண்டோக்களின் குண்டே பணயக்கைதி ஒருவரின் உயிரைக் குடித்தது. 2011 பிப்ரவரியில் குவெஸ்ட் படகில் நான்கு அமெரிக்கர்கள் சிக்கினார்கள். அப்போதும் ஒபாமாதான் அதிபர். அதே போன்ற அனுமதிதான் கொடுத்திருந்தார். போர்க்கப்பல்கள் சூழ்ந்து நிற்க, நால்வரையும் கொள்ளையர் சுட்டுக் கொன்றார்கள்.