பனிக்கால மலைப்பாதையும் வழித்துணைநாதரும்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் ஒடுகத்தூர். மலையில் பிறந்து பாலாற்றோடு கலக்கும் உத்தரகாவேரி ஆறு இந்நிலத்தை வளப்படுத்துகிறது. நெல்லும் கரும்பும் தென்னையும் ஒருபுறம், மறுபுறம் நீலம் பூத்த மலைவரிசை என்று காண்போர் கண்ணை நிறைக்கும் ஊர் இது. மார்கழி பிறந்துவிட்டால் இவ்வூரின் விடியற்காலை வேறு கோலம் பூணும். திருப்பள்ளியெழுச்சியும் திருப்பாவையும் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும். கோயில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அத்தனை அடர்த்தியாகப் பனி இறங்கியிருக்கும்.

அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் புறப்படுவது பிக்கப் வண்டிதான். மலையின் மேலுள்ள பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லை முதலான ஊராட்சிகளின் சிற்றூர்களுக்கு அரிசியும் மளிகையும் உரமும் ஏற்றிச் செல்வது அது. திரும்பும்போது மலைவாழ் மக்கள் விளைவித்த சாமையும் புளியும் பலாவும் அதில் இறங்கி வருகின்றன. வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு வரும் ஆடுகளும் அதிலேதான் வரும். ஒரு காலத்தில் தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவும் நடந்த போக்குவரத்தை இன்று இந்தச் சிறு லாரிகள் நடத்துகின்றன. முத்துக்குமரன் மலையடிவாரத்திலிருந்து பீஞ்சமந்தைக்கு ஏறும் வழி நெடுங்காலம் மண்பாதையாகக் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் தார்ச்சாலையாயிற்று. சாலை வந்தது பெரும் பேறு. சாலையோடு வேகமும் வந்ததால், பனிக்காலத்தில் ஓட்டுநர்களின் பொறுப்பும் கூடியிருக்கிறது.

பனி இறங்கும் விதம்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையால் நிலம் ஈரமாக இருக்கும். மார்கழியில் வானம் தெளிந்துவிடுவதால், பகலில் பெற்ற வெப்பத்தைப் பூமி இரவில் விரைவாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்ணிய நீர்த்துளிகளாகித் தொங்குகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது மலைச்சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் வந்து தேங்குகிறது. ஆற்றங்கரை ஊர்களில் பனி மிகுந்திருப்பதற்கும், கதிரவன் ஏறியதும் அது கலைவதற்கும் இதுவே காரணம்.

இந்தத் துளிகளின் மீது விளக்கின் ஒளி பட்டால் அது சிதறி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். எனவே பாதை தெரியவில்லை என்று முகப்பு விளக்கின் ஒளியை உயர்த்துவோருக்கு வெள்ளைச் சுவர் ஒன்றே எதிரில் நிற்கும். அனுபவமுள்ளவர்கள் ஒளியைத் தாழ்த்தி, சாலையோரக் கோட்டைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டுமே செல்வார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒலி எழுப்பி, எதிரொலிக்குக் காது கொடுப்பார்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ள விதி.

பிக்கப் வண்டிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. இவ்வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் இழுவிசை பின்சக்கரங்களுக்கே செல்கிறது. எஞ்சினின் கனமோ முன்பக்கம் இருக்கிறது. சரக்கு இறக்கிய வெற்று வண்டியின் பின்புறம் இலேசாகிவிடுவதால், பனியில் நனைந்த சாலையில் திடீரென்று பிரேக்கை அழுத்தினால் அது பக்கவாட்டில் வழுக்கும். பாரம் ஏற்றிய வண்டியைவிட வெறும் வண்டிக்கே இறக்கத்தில் அதிக நிதானம் வேண்டும் என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

வெண்பனி பொழியும் நாடுகளில்

தமிழில் பனி என்ற ஒரே சொல் மார்கழி மூடுபனியையும் இமயத்தில் பொழியும் வெண்பனியையும் குறிக்கிறது. இரண்டையும் அறிந்தவர்கள் வேலூர் வட்டாரத்தில் ஏராளம். கண்ணமங்கலத்தை அடுத்த கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பி இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊர். இம்மாவட்டத்தார் பணிபுரிந்த இமய எல்லையில், சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி கட்டித்தான் லாரிகளைப் பனிமேல் ஓட்ட முடியும். அங்கே தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்ல வேண்டும். பிரேக்கைத் தொடாமல் எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்செல்லும் வண்டிக்குப் பல மடங்கு இடைவெளி விட வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் குடும்பத்தார்க்கும் இச்செய்தி புதிதன்று. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்காலத்துக்குரிய தனி டயர்களை மாட்டியே வாகனம் ஓட்ட வேண்டும் என்பது சட்டம். நம் மார்கழியும் தையும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. மொன்றியல் நகரத் திருமுருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று செல்லும் தமிழர்கள் அந்த டயர்களின் துணையோடுதான் சந்நிதியை அடைகிறார்கள். அந்நாட்டில் பிக்கப் வைத்திருப்போர் பின்சக்கர அச்சுக்கு மேலே மணல் மூட்டைகளை அடுக்கிக்கொள்வதுண்டு. வெற்று வண்டியின் பின்புறத்துக்குக் கனம் கொடுக்கும் உபாயம் அது. ஒடுகத்தூர் ஓட்டுநர் அனுபவத்தில் அறிந்த அதே உண்மை அங்கும் பயன்படுகிறது.

பெருமாளே காத்திருக்கும் தலம்

பனிக்கு முன்னால் பணிந்து நிற்பதற்குப் பேரெடுத்துக்காட்டு பத்ரிநாத். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகத் திருமங்கையாழ்வாரால் மங்களாசாசனம் செய்யப்பெற்ற இத்திருத்தலம், கடல்மட்டத்திலிருந்து 3,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. தவத்தில் அமர்ந்த நாராயணன்மீது பனி பொழியாதபடி, திருமகள் இலந்தை மரமாக நின்று காத்தாள் என்பது ஐதீகம். பதரி என்னும் சொல்லுக்கு இலந்தை என்று பொருள்.

ஆண்டுதோறும் நவம்பர் மாத வாக்கில் இக்கோயிலின் நடை சாத்தப்படுகிறது. உத்தவர், குபேரர் திருமேனிகள் பாண்டுகேஸ்வரத்துக்கு எழுந்தருள, ஆதிசங்கரரின் திருப்பீடம் ஜோஷிமடம் நரசிம்மர் கோயிலுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் வழிபாடு அங்கே நடைபெறும். சித்திரை, வைகாசி வாக்கில் எல்லைச் சாலை அமைப்பினர் பனியை அகற்றிய பிறகே பக்தர்களின் வண்டிகள் மேலேறும். கேதாரநாதரும் இவ்வாறே குளிர்காலத்தில் ஊக்கிமடத்துக்கு எழுந்தருள்கிறார். உலகைக் காக்கும் பெருமானே பருவத்தை மதித்துப் பயணத்தைத் தள்ளி வைக்கும்போது, அவன் அடியவர்கள் சூரியன் ஏறும்வரை ஒரு மணி நேரம் காத்திருப்பதில் குறையொன்றும் இல்லை. காத்திருத்தலும் வழிபாட்டின் ஓர் அங்கமே.

சரக்கு வண்டியில் தலயாத்திரை

இதை இத்தனை அழுத்தமாகச் சொல்ல வேண்டிய காரணம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. 2022 ஏப்ரல் 2, யுகாதித் திருநாள். திருப்பத்தூர் மாவட்டம் புலியூரைச் சேர்ந்த பக்தர்கள் செம்பரை மலைக்கோயிலுக்குச் சென்ற சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர். பெண்களும் சிறுவர் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். அது பனிக்காலமும் அன்று. பனியே இல்லாத பருவத்தில் மலைப்பாதை இத்தனை உயிர்களைக் கொள்ளுமானால், பாதையே தெரியாத மார்கழி வைகறையில் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூட்டை அசையாது, கயிறு கட்டினால் கட்டிய இடத்தில் கிடக்கும். மனிதர்கள் நிற்பார்கள், வளைவில் ஒரே பக்கம் சாய்வார்கள். நிற்பவர்களின் பாரம் மேலே இருப்பதால் வண்டி கவிழும் தன்மை மிகுகிறது. பிடித்துக்கொள்ள இருக்கையோ பட்டையோ கிடையாது. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவ்வாறு பயணியாகச் சென்றோர்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கக் கடமைப்பட்டதன்று என உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. வாடகையில் சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று குலதெய்வ வழிபாட்டுக்கும் காதணி விழாவுக்கும் பிக்கப் பேசும் குடும்பங்கள், விபத்துக்குப் பின் இழப்பீடும் இன்றி நிற்க நேரிடும்.

குறைந்த வருவாயுள்ள மலைமக்களுக்குப் பல வேளைகளில் வேறு வண்டி கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆகவே திருவிழா நாட்களில் சிற்றுந்து வசதிக்கு ஊர்ப் பெரியவர்களும் கோயில் நிர்வாகத்தினரும் முன்னதாகவே முயல்வது பெரும் புண்ணியம். அன்னதானத்துக்கு அளிக்கும் பொருளில் ஒரு பகுதியை அடியார்களின் பாதுகாப்பான பயணத்துக்கும் ஒதுக்கலாம்.

விரிஞ்சிபுரத்து வழித்துணை

இப்பகுதி வண்டியோட்டிகள் மனத்தில் நினைத்துப் புறப்படும் தெய்வம் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர். வேலூருக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், பாலாற்றின் தென்கரையில், மரகதாம்பிகை சமேதராக எழுந்தருளியிருக்கிறார். மிளகு மூட்டைகளோடு காஞ்சிக்குச் சென்ற வணிகர் ஒருவர் வழிப்பறிக்கு அஞ்சி இப்பெருமானை வேண்ட, இறைவன் வீரர் வடிவில் உடன்வந்து காத்தார் என்பது தல வரலாறு. அதனால் வழித்துணைநாதர் என்ற திருநாமம் ஏற்பட்டது. மூட்டை ஏற்றிச் சென்ற அவ்வணிகரின் வழியில் வருபவர்களே இன்றைய பிக்கப் ஓட்டுநர்கள் எனலாம். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அடையபலம் அப்பய்ய தீட்சிதர் இப்பெருமான்மீது இயற்றிய மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைப் பயணம் தொடங்கும்போது பாராயணம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

இக்கோயிலில் நிழலைக்கொண்டு பொழுதை அறியும் நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. கதிரவன் வெளிப்பட்டால்தான் அது மணி சொல்லும். மூடுபனியில் அது மௌனமாக நிற்கும். பனிக்காலப் பயணிக்கு இதைவிடத் தெளிவான அறிவுரை வேறில்லை. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவது நல்ல மரபு. அதோடு டயரின் தேய்மானத்தையும் விளக்கையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வது அம்மரபின் நிறைவு. அந்த வணிகரும் வேண்டிக்கொண்டபின் வழியில் உறங்கிவிடவில்லை. விழித்திருந்தே நடந்தார் என்று கொள்வதுதான் பொருத்தம்.

ஒடுகத்தூருக்கு வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாகப் பேருந்துகள் உள்ளன. மார்கழி, தை மாதங்களில் மலையேற விரும்பும் மூத்த அடியார்கள் காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பிறகு, வெயில் வந்து சாலை உலர்ந்ததும் புறப்படுவது நலம். பயணியருக்கான வண்டியையே அமர்த்திக்கொண்டு, பொழுது சாயுமுன் அடிவாரம் திரும்பிவிட வேண்டும். விடியற்கால வழிபாட்டை ஊரிலுள்ள கோயிலிலேயே முடித்துக்கொள்ளலாம். பள்ளிகொண்டா உத்தர ரங்கநாதரையும் விரிஞ்சிபுரம் வழித்துணைநாதரையும் ஒரே பயணத்தில் தரிசித்துவர வசதி உண்டு. மரகதாம்பிகை உடனுறை மார்க்கபந்து, மலைப்பாதையில் செல்வோர் அனைவரையும் நலமாக வீடு சேர்ப்பாராக.